தடய அறிவியலும் சட்டக் கல்வியும்: சில எண்ணங்கள்

2024 ஜூலை 1 அன்று இந்தியாவின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதிய பெயர்களோடும் புதிய பிரிவு எண்களோடும் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் பெயர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் நிறையவே பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதும்தான். ஆனால் அந்த ஆரவாரத்தில் ஒரு பிரிவு போதிய கவனம் பெறாமல் போயிற்று. குற்றவியல் நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு அது. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றம் எதுவாயினும், தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் சென்று தடயங்களைத் திரட்ட வேண்டும். அச்செயல் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநில அரசுகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

இதன் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இன்று சட்டக் கல்லூரியில் சேரும் மாணவர் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொள்ளும் காலத்தில், கொலை, கொள்ளை, வன்புணர்வு போன்ற வழக்குகளின் கட்டுகளில் ஆய்வகத்தின் அறிக்கையொன்று தவறாமல் இருக்கும். அந்த அறிக்கையைப் படிக்க அவருக்கு யார் கற்றுத் தந்தார்கள் என்று கேட்டால் விடை சங்கடமானது. நாம் அறிந்தவரை, பெரும்பாலான கல்லூரிகளில் தடய அறிவியல் விருப்பப் பாடங்களுள் ஒன்று. அல்லது வேறொரு தாளின் கடைசி அலகு. பருவத்தேர்வு நெருங்கும்போது அவசரமாகப் புரட்டப்படும் பக்கங்கள் அவை.

தடய அறிவியல் அறிமுகம் சட்ட மாணவர் அனைவருக்கும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்பது நம் கருத்து. அதன் நோக்கம் மாணவரைப் பாதி விஞ்ஞானியாக்குவதாக இருக்கக் கூடாது. வல்லுநரிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தவராக அவரை ஆக்கினால் போதும். தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது, அதற்குப் பின்னர் வருவோம்.

*

முதலில், வழக்கமாக எழும் மறுப்பைப் பார்த்துவிடலாம். அறிவியலுக்கு வல்லுநர் இருக்கிறார், சட்டத்துக்கு வழக்குரைஞர் இருக்கிறார், அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும் என்பது அது. கேட்கும்போது நியாயமாகவே படுகிறது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவில் சொன்னதையே, அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் 39-ஆம் பிரிவில் சொல்கிறது. வல்லுநர் தருவது கருத்து. அந்தக் கருத்து வழக்குக்குத் தொடர்புடையது, நீதிபதியைக் கட்டுப்படுத்துவதன்று. ஏற்பதும் தள்ளுவதும் நீதிமன்றத்தின் பொறுப்பு. எடைபோடத் தெரியாதவர் எதை ஏற்பார், எதைத் தள்ளுவார்?

இன்னொன்றும் உண்டு. அரசு அறிவியல் வல்லுநர்களின் அறிக்கையை, அவர்களைக் கூண்டில் ஏற்றாமலேயே சான்றாகப் பயன்படுத்தலாம் என்று முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு சொன்னது; இப்போது 329-ஆம் பிரிவு சொல்கிறது. தேவை என்று கருதினால் நீதிமன்றம் வல்லுநரை அழைத்து விசாரிக்கலாம். அழைக்கச் சொல்லி எவரேனும் கேட்க வேண்டுமல்லவா? கேட்க வேண்டியவருக்கு அறிக்கையில் எங்கே இடைவெளி இருக்கிறது என்றே தெரியாவிட்டால், அரக்கு முத்திரையோடு வந்த தாள் யாருடைய கேள்விக்கும் ஆளாகாமல் தீர்ப்பின் ஒரு பத்தியாகிவிடும்.

*

நம் வாசகர்கள் நன்கறிந்த ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தைக் கற்புக் காப்பியமாகவும் அரசியல் காப்பியமாகவும் ஊழின் காப்பியமாகவும் படித்திருக்கிறோம். சான்றுச் சட்டத்தின் கண்கொண்டும் அதைப் படிக்கலாம்.

அரண்மனைச் சிலம்பு காணாமற்போனது. அதையொத்த சிலம்பு ஒரு வழிப்போக்கனிடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று சொல்பவன் பொற்கொல்லன். அணிகலன் பற்றிக் கருத்துச் சொல்ல அவனைவிடத் தகுதியானவர் யார்? அவன் வல்லுநர் சாட்சி. ஆனால் திருடியவனும் அவனே. வழக்கின் முடிவில் அவனுக்கு உள்ள தன்னலத்தை எவரும் விசாரிக்கவில்லை. கொலைக்களத்தில் காவலர்களுக்கு ஐயம் எழுகிறது; கோவலனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவு நூலை எடுத்துக்காட்டுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் வரிசைப்படுத்துகிறான். நூலின் பெயரால் பேசியதும் ஐயம் அடங்குகிறது. எந்தச் சான்றையும் அவன் புதிதாகக் காட்டவில்லை. சாத்திரத்தின் தோரணையே சான்றின் இடத்தில் அமர்ந்துகொண்டது. பின்னர் வாள் வீசப்படுகிறது.

சோதனை நடப்பது அதன் பிறகுதான். கண்ணகி அவைக்கு வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன், தம்முடையது முத்து என்கிறான். இரு தரப்பும் தத்தம் கூற்றை முன்கூட்டியே அவையறியச் சொல்லிவிட்ட பின்னரே சிலம்பு உடைக்கப்படுகிறது. இன்றைய ஆய்வகம் ஒன்று வகுக்கும் சோதனை முறைக்கு இது எவ்வளவு நெருக்கம்! வெளித்தோற்றம் பல சிலம்புகளுக்குப் பொதுவானது. தடய அறிவியலார் இதை வகைப்பண்பு என்பர். உள்ளிருக்கும் பரலே இந்த இரண்டையும் பிரித்துக்காட்டுவது. வகைப்பண்பில் கண்ட ஒற்றுமையை வைத்து, இது அதுவே என்று முடிவுகட்டியதுதான் மதுரையில் நிகழ்ந்த பிழை. கண்ணகியின் கேள்வி கோவலன் உயிரோடிருந்தபோது கேட்கப்பட்டிருந்தால் காப்பியம் அங்கேயே முடிந்திருக்கும். நீதிமன்றத்தில் அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் எழுப்புவது வழக்குரைஞரின் கடமை.

*

அறிவியலை ஐயுறுவதற்காக மட்டும் இப்பாடம் வேண்டும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அதன் வலிமையையும் மாணவர் அறிய வேண்டும். அந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் சென்னைக்கும் கணிசமான பங்கு உண்டு. நச்சுப்பொருள்களை ஆராய்வதற்கான வேதியியல் ஆய்வாளர் கூடம் இந்தியாவில் முதன்முதலில் நிறுவப்பட்டது 1849-இல், சென்னை மாகாணத்தில். 1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தாளில் கையெழுத்துக்குப் பதிலாக உள்ளங்கை அச்சைப் பெற்றார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அலுவலர்களின் உழைப்பில் உருவான வகைப்பாட்டு முறை, அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவியது. பெயர் யாருக்குப் போயிற்று என்பதும் மாணவர் அறிய வேண்டிய செய்திதான்.

1952-இல் தமிழகத்தையே பேசவைத்த ஆளவந்தார் கொலை வழக்கு மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்து தனுஷ்கோடி சென்ற ரயிலில் பெட்டிக்குள் தலையற்ற உடல் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தலையும் உடலும் ஒருவருடையவையே என்பதும், அவர் இன்னார் என்பதும் மருத்துவத் தடய ஆய்வால் நிறுவப்பட்டன. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் சிதறிக்கிடந்த துணி, கம்பித் துண்டுகளைக் கொண்டு, குண்டு இடுப்பில் கட்டி வரப்பட்டது என்பதை எடுத்துக்காட்டியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். அவருக்கு 2000-இல் பத்மபூஷண் வழங்கப்பட்டது.

நீதிமன்றத்தின் கேள்வி அறிவியலையே முன்னேற்றிய நிகழ்வும் உண்டு. 1830-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு நஞ்சூட்டல் வழக்கில் ஜேம்ஸ் மார்ஷ் என்னும் வேதியியலார் ஆர்செனிக்கைக் கண்டறிந்தார். ஆனால் வழக்கு நடந்த நாளில் அவருடைய மாதிரி கெட்டுப்போயிருந்தது. சான்றாயர்கள் நம்பவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். மனம் கசந்த மார்ஷ், கண்ணால் காணத்தக்க, கெடாத சோதனை முறையொன்றைத் தேடினார். 1836-இல் அவர் வெளியிட்ட மார்ஷ் சோதனை நச்சியலின் திருப்புமுனையாயிற்று. நம்ப மறுத்தவர்கள் அறிவியலுக்குத் தீங்கு செய்துவிடவில்லை.

*

மறுபக்கத்துக்கு வருவோம். பயிற்சி பெற்ற வல்லுநர்களும் தவறுவர் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். நாம் இரண்டை மட்டும் சொல்கிறோம். இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்கள் வழக்குரைஞர்கள் என்பதால் சட்ட மாணவர்க்கு இவை கூடுதலாக உறைக்கக்கூடும்.

2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்தன. வெடிதூண்டிகள் இருந்த பையொன்றில் கிடைத்த விரல்ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்குரைஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்.பி.ஐ. வல்லுநர்கள் உறுதியாகக் கூறினர். ஸ்பெயின் காவல் துறை ஏப்ரலிலேயே பொருந்தவில்லை என்று தெரிவித்தும், மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் நியமித்த தனி வல்லுநரும் ரேகை அவருடையதே என்றார். ஏறத்தாழ அதே வேளையில் ஸ்பெயின், அது ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டறிந்து அறிவித்தது. முந்தைய வல்லுநர்கள் என்ன சொன்னார்கள் என்பது அடுத்த வல்லுநரின் கண்ணையும் எவ்வாறு வழிநடத்திவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இரண்டாவது, இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு. அவருடைய இரு குழந்தைகள் பிறந்த சில வாரங்களிலேயே அடுத்தடுத்து இறந்தன. புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர், இத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை இயற்கையாக இப்படி இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று. அதை அதனாலேயே பெருக்கினால் இரண்டும் இறக்கும் வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். 1999-இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை. ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளின் இறப்புகளை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகக் கொண்டு பெருக்கலாமா? இக்கேள்விக்கு உயர்கணிதம் தேவையில்லை. அரசப் புள்ளியியல் கழகம் 2001-இல் வெளிப்படையாக அக்கணக்கைக் கண்டித்தது. 2003-இல் அவர் விடுவிக்கப்பட்டார், 2007-இல் இறந்துபோனார்.

இவை தனிமனிதப் பிழைகள் என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுமம் 2009-இல் வெளியிட்ட அறிக்கை, டி.என்.ஏ. சோதனை நீங்கலாகப் பிற ஒப்பீட்டு முறைகளுக்கு, ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒருவரோடு உறுதியாகப் பிணைக்கும் வலிமை முறையாக மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 2015-இல் எஃப்.பி.ஐ., தன் வல்லுநர்கள் தலைமுடி ஒப்பீடு குறித்து அளித்த சாட்சியங்களை மீளாய்வு செய்தபோது, ஆராயப்பட்ட விசாரணைப் பதிவுகளில் குறைந்தது 90 சதவீதத்தில் பிழையான கூற்றுகள் இருந்ததாக ஒப்புக்கொண்டது.

*

டி.என்.ஏ. நீங்கலாக என்றோம். அங்கேயாவது நிம்மதியாக இருக்க முடியுமா? அண்மைய இரு இந்தியத் தீர்ப்புகள் நம்மைத் தூங்கவிடவில்லை.

2012-இல் தில்லியில் ஓர் இளம்பெண் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. மாதிரிகள் பல நாள்கள் காவல் நிலையப் பொருள்வைப்பறையில் கிடந்தன. அவற்றில் எவரும் கைவைத்திருக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. டி.என்.ஏ. அறிக்கையின் முடிவுக்கு அடிப்படை என்ன, சோதனை முறைகள் நம்பகமாகப் பின்பற்றப்பட்டனவா என்பதைக் கீழுள்ள இரு நீதிமன்றங்களும் ஆராயவில்லை என்று அத்தீர்ப்பு குறிப்பிட்டது. அதே தீர்ப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. அரசுத் தரப்பு விசாரித்த 49 சாட்சிகளுள் முக்கியமான 10 பேர் குறுக்கு விசாரணையே செய்யப்படவில்லை. வேறு பலரிடமும் போதிய குறுக்கு விசாரணை நடக்கவில்லை.

அடுத்தது நம் மண்ணில் நடந்தது. 2011-இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளைஞரும் இளம்பெண்ணும் கொல்லப்பட்டனர். விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தண்டிக்கப்பட்டவரை விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, இடையில் ஏன் தாமதம் என்பதற்கு விளக்கம் இல்லாதது காரணங்களுள் ஒன்று. நாடு முழுமைக்குமான நெறிமுறைகளையும் அத்தீர்ப்பு வகுத்தது. மாதிரி எடுப்பது ஆவணப்படுத்தப்பட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றி முத்திரையைப் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு கைமாற்றத்தையும் காட்டும் பதிவேடு வழக்கின் முடிவுவரை பேணப்பட வேண்டும்.

இவ்வழக்குகளில் தோற்றவர் யார் என்று மாணவர்களைக் கேட்க வேண்டும். விடுவிக்கப்பட்டவர்கள் குற்றமற்றவர்கள் எனில், அவர்கள் தூக்குக்கயிற்றின் நிழலில் கழித்த ஆண்டுகள் திரும்பா. குற்றவாளிகள் எனில், பிள்ளைகளை இழந்த பெற்றோர் ஏமாற்றப்பட்டார்கள். எது உண்மை என்பதை இனி எந்த ஆய்வகமும் சொல்லப்போவதில்லை. விசாரணையின் தொடக்கத்திலேயே இரு தரப்பிலும் எவரேனும் பதிவேட்டைக் கேட்டிருந்தால் இவ்வளவு காலம் கழிந்திராது. அரசுத் தரப்பு வழக்குரைஞருக்கும் இப்பாடம் அதே அளவு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

*

இனி, நம் வேலைக்கு வருவோம். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. ஆய்வக அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. வல்லுநர் ஆங்கிலத்தில் அளந்து வைத்த ஐயத்தின் அளவு தமிழுக்கு வரும்போது நழுவிவிடக் கூடாது. ‘ஒத்திருக்கிறது’ என்பது வேறு. ‘ஒன்றே’ என்பது வேறு. ‘இவருடையதாக இருக்கக்கூடும்’, ‘இவருடையதல்ல என விலக்க இயலவில்லை’, ‘இவருடையதே’ என்னும் மூன்றுக்கும் இடையில் ஒரு மனிதனின் ஆயுள் அடங்கியிருக்கிறது. ‘பொருந்துகிறது’ என்ற ஒரே சொல்லால் மூன்றையும் பெயர்த்துவிட்டால், மொழிபெயர்ப்பே பொய்ச்சாட்சியாகிவிடும்.

இந்த நுண்மை தமிழ்ப் புலமைக்குப் புதிதன்று. 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து வைத்தார். இந்தச் சுவடி யாரிடமிருந்து வந்தது, எதில் ஏடு சிதைந்திருந்தது என்று பதிவு செய்வது பதிப்பாசிரியரின் அறம். தடயப்பொருளின் கைமாற்றப் பதிவேடு கேட்பதும் அதையேதான். மூலபாட ஆய்வு கற்ற ஒருவருக்குத் தடய அறிவியலின் மனநிலை அந்நியமாக இராது. சட்டக் கல்லூரித் தமிழாசிரியர்களும் தடய அறிவியலாரும் ஒன்றாக அமர்ந்து, நீதிமன்றத்துக்கென ஐயத்தின் அளவைச் சொல்லும் தமிழ்த் தொடர்களை வரையறுத்தால், அது கலைச்சொல் அகராதிகள் பலவற்றைவிடப் பயன் தரும்.

பாடத்திட்டம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பருவம் போதும். தொடும் ஒவ்வொன்றும் தடம் விட்டும் தடம் பெற்றும் செல்கிறது என்று லியோன் நகரின் எட்மண்ட் லொக்கார்ட் வகுத்த அடிப்படை, வகைப்பண்பும் தனிப்பண்பும், மாதிரி எடுத்தல், முத்திரையிடல், கைமாற்றம், நிகழ்தகவின் தொடக்கப் பாடம், கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் தரும் மின்னணுப் பதிவுகளுக்கு 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழ், உண்மை கண்டறியும் சோதனை எனப்படுபவற்றை ஒருவரின் விருப்பத்துக்கு மாறாகச் செய்யக் கூடாதென்ற 2010-ஆம் ஆண்டின் செல்வி வழக்குத் தீர்ப்பு. இவற்றோடு, மாணவர் ஒவ்வொருவரும் பெயர் மறைக்கப்பட்ட ஓர் உண்மையான ஆய்வக அறிக்கையைப் படித்து, வல்லுநரிடம் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளைத் தமிழில் எழுத வேண்டும். தேர்வில் மனப்பாட விடைக்கு மதிப்பெண் தருவதை விட்டு, அந்தப் பத்துக் கேள்விகளுக்குத் தர வேண்டும்.

ஆய்வகங்களைப் பெருக்குவதற்கும் வல்லுநர்களை நியமிப்பதற்கும் பெருந்தொகை வேண்டும்; அது அரசுகளின் பொறுப்பு. இந்தப் பாடத்துக்கு வேண்டியதோ ஒரு வகுப்பறை, ஓர் அறிக்கை நகல், கேள்வி கேட்பவரை வரவேற்கும் ஆசிரியர். 2029-இல் மாநிலங்களுக்கான அவகாசம் முடியும்போது அறிக்கைகள் வந்து குவியத்தான் போகின்றன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்களை அதற்குள் உருவாக்கிவிடுவது சட்டக் கல்லூரிகளின் கையில் இருக்கிறது. இவ்விதழின் வாசகர்களுள் சட்டம் கற்பிப்போரும் நீதித் துறையினரும் இருப்பார்கள் என்று நம்புகிறோம். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் அவர்கள் இதை எழுப்ப வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.